டி.சி.யைத் திருப்பிக் கொடுங்கள்

மே மாதத்தில் எந்த ஊர் பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பிளஸ் டூ முடித்த பெண், பக்கத்தில் அம்மா, மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார். ஓ.டி.பி. போவதோ அப்பாவின் போனுக்கு. அவர் எங்கோ மூன்றாவது மாடியில் சென்ட்ரிங் வேலையில் நிற்கிறார். போனை எடுத்து எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. மறுபடியும் முதலிலிருந்து.

எப்படியோ விண்ணப்பம் போய்விடும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டுமே. சில ஆண்டுகளாக இருந்துவரும் இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலைச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

விண்ணப்பம் ஒரே இணையதளம் வழியாகப் போனாலும், தரவரிசைப் பட்டியலும் கலந்தாய்வும் கல்லூரிக்குக் கல்லூரி தனி. உதவி பெறும் பெண்கள் கல்லூரிகளில் விண்ணப்பமே தனித்தனி. பக்கத்து ஊர்க் கல்லூரி முதலில் அழைக்கிறது. வேதியியல் கேட்டவளுக்கு அங்கே கிடைப்பது வரலாறு. இதையும் விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பணத்தைக் கட்டி, அசல் டி.சி.யையும் ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள். பத்து நாள் கழித்து மாவட்டத் தலைநகர் மகளிர் கல்லூரியிலிருந்து குறுஞ்செய்தி: வேதியியலில் இடமிருக்கிறது, அசல் சான்றிதழ்களுடன் நாளை காலை வரவும். டி.சி.யோ முதல் கல்லூரியின் பீரோவில். முதல்வர் கையெழுத்துப் போட வேண்டும், அப்பா நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். தனியார் கல்லூரியாக இருந்தால் கட்டிய பணத்தை மறந்துவிடச் சொல்வார்கள். இவ்வளவும் முடிவதற்குள் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போயிருக்கும்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தந்துவிட வேண்டும், எந்தக் கல்லூரியும் அவற்றைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. விலகும் மாணவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதியும் அதே அறிவிப்பில் இருக்கிறது. அது அலுவலக ஜன்னல் வரை வந்து சேரவில்லை.

இது மாணவர்களுக்கும் உள்ள சிக்கல்தானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் பையனுக்கு ஒரு கல்லூரி தவறினால் இன்னொரு பஸ் இருக்கிறது. பெண்கள் கல்லூரியென்றால் அனுப்புகிறோம் என்று சொல்லும் வீடுகள் இன்னும் ஏராளம். அந்த நிபந்தனை நமக்கு உவப்பானதல்ல. ஆனால் அவளுக்குத் திறந்திருக்கும் கதவு அது ஒன்றுதான். சென்னை ராணி மேரிக் கல்லூரி 1914-இல் 37 மாணவிகளோடு தொடங்கியது. இன்று மாவட்டந்தோறும் ஆயிரக்கணக்கில் பெண்கள் படிக்கிறார்கள். அப்படியும் பல வீடுகளில் அப்பாவின் சம்மதம் ஆயுள் குறைந்த சம்மதம். இரண்டு முறை வீண் அலைச்சல், ஒரு நாள் கூலி போன எரிச்சல், அத்தை கொண்டுவரும் ஒரு ஜாதகம் போதும், அது மாறிவிடும். புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் அரசு தரும் மாதம் 1,000 ரூபாயும் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டவளுக்குத்தான்.

டி.சி.யைக் கையில் வைத்திருக்காவிட்டால் ஒரே பெண் நான்கு கல்லூரிகளில் இடம்பிடித்து வைப்பாள், கடைசியில் இடங்கள் காலியாகக் கிடக்கும் என்கிறார்கள் முதல்வர்கள். நியாயமான கவலை. அதற்கு டி.சி.யைப் பூட்டி வைப்பது மருந்தல்ல. பொறியியல் படிப்புக்கு 1997 முதல் ஒற்றைச் சாளர முறை இருக்கிறது. 2018 முதல் கலந்தாய்வே இணையத்தில் நடக்கிறது. கலைக் கல்லூரி மாணவி மட்டும் ஏன் ஊர் ஊராகப் போக வேண்டும்? அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, தமிழகத்தில் பிளஸ் டூ முடித்த ஒவ்வொரு மாணவிக்கும் எமிஸ் என்னும் மாணவர் அடையாள எண் இருக்கிறது. இடத்தை அந்த எண்ணோடு இணைத்துவிட்டால், இரண்டாவது கல்லூரியில் அவள் சேர்ந்த நிமிடமே முதல் இடம் காலியாகி அடுத்தவளுக்குப் போகும்.

அரசுக் கல்லூரிகளுக்கும் உதவி பெறும் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் ஒரே தரவரிசை, ஒரே இணையவழிக் கலந்தாய்வு என்பதை உயர்கல்வித் துறை அடுத்த ஆண்டுக்குள் கொண்டுவர வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. சரிபார்த்த அன்றே, அந்தப் பெண் கிளம்புவதற்கு முன்பே, டி.சி. அவள் கையில் திரும்பத் தரப்பட வேண்டும் என்று எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை. இந்த ஆண்டுக் கலந்தாய்வுக்கு முன்னால் அது போய்ச் சேரட்டும்.