குமணனும் சாவடியும்

நம் ஊரின் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டுமே கொடையை நினைவூட்டுகின்றன. குமணன் என்றதும் முதிரமலையை ஆண்ட சங்ககால வள்ளல் நம் எண்ணத்தில் வருகிறான். தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் வாழ்ந்த அவனிடம், பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவர் வறுமையோடு வந்து நின்றார். கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை. தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருப்பதை எண்ணிய குமணன், அதைக் கொய்து சென்று பரிசு பெறுமாறு தன் வாளைப் புலவர் கையில் கொடுத்தான். புறநானூற்றின் வழியாக நாம் அறியும் செய்தி இது.

சாவடி என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்லும் பொதுவிடம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி என அந்தச் சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. சாவடி யாரிடமும் ஊரும் பேரும் கேட்டதில்லை. வந்தவர் தம் துன்பத்தை எடுத்துரைக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. வெயிலில் வந்தவர் எவராயினும் அவருக்கு நிழல் கிடைத்தது.

எதிரே நிற்பவரின் முகம் பார்த்துக் கொடுப்பது ஒரு வழி; முகம் பாராமல், வரப்போகும் எவருக்கோ கொடுத்து வைப்பது இன்னொரு வழி. மருத்துவமனைக்கு வந்து செல்லும் குடும்பங்களுக்கு இவ்விரண்டின் வேறுபாடு அன்றாட வாழ்வைத் தொடும் செய்தியாகும்.

மனிதர் ஏன் கொடுக்கின்றனர்? முகம் கண்டு இரங்குவதே முதற் காரணம். இதை ஆய்வும் காட்டியிருக்கிறது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவர் 2007-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு 5 டாலர் ஊதியம் தரப்பட்டது; அதிலிருந்து விரும்பியதை நன்கொடையாக அளிக்கலாம் என்று கூறப்பட்டது. ஆப்பிரிக்காவில் பசியால் வாடும் ஒரு சிறுமியின் படத்தையும் கதையையும் கண்டவர்கள் சராசரியாக 2.38 டாலர் அளித்தனர். இலட்சக்கணக்கானோர் வாடுகின்றனர் என்னும் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் 1.14 டாலர் அளித்தனர். சிறுமியின் படத்தோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கண்டவர்களின் கொடையோ 1.43 டாலராகக் குறைந்தது. எண்ணிக்கை பெருகினால் இரக்கமும் பெருகும் என்று நாம் நினைக்கிறோம். நெஞ்சம் அவ்வாறு இயங்குவதில்லை.

இதன் சுமை நோயாளியின் வீட்டார் தோளில் விழுகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டுமெனில், குழாய்கள் பொருத்தப்பட்ட குழந்தையின் படத்தைக் கைப்பேசிக் குழுக்களில் சுற்றுக்கு விட வேண்டியிருக்கிறது. தாயின் கண்ணீரைக் காணொளியாக எடுக்க வேண்டியிருக்கிறது. குழந்தையின் படத்துக்குக் கிடைக்கும் உதவி, அறுபது வயதுக் கூலித் தொழிலாளியின் படத்துக்குக் கிடைப்பதில்லை. ஒருமுறை நடக்கும் அறுவைக்குக் கிடைக்கும் பணம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஆண்டுக்கணக்கில் இரத்தச் சுத்திகரிப்புக்கு வருபவருக்குக் கிடைப்பதில்லை. நீண்ட நோய்க்கு இரண்டாம் முறை இரங்குவோர் அரியர். ஆகவே இரக்கம் மட்டுமே வழிகாட்டினால், உதவி தேவையின் அளவுக்கு ஏற்பச் சேராமல், கதையின் உருக்கத்துக்கு ஏற்பச் சேரும்.

இரக்கத்தைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. புண்ணியம், நேர்த்திக்கடன், புகழ் ஆகியவற்றுக்காகக் கொடுப்போர் பலர். கோயில் குழல்விளக்கில் ‘உபயம்’ என்று எழுதி, வெளிச்சத்தையே பெயர் மறைத்துவிடுவதைக் கண்டு நாம் நகைக்கிறோம். ஆயினும் அவ்விளக்கின் கீழ் நடப்பவருக்கு வழி தெரிகிறது. கொடுப்பவரின் உள்ளத்தைச் சோதிப்பது நம் வேலையன்று என்பது என் கருத்து. கொடை பெறுபவரை நிமிர்ந்து நிற்க விடுகிறதா என்பதை மட்டும் கேட்டால் போதும்.

இழப்பின் துயரும் கொடையாக மாறுவதுண்டு. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரை நெஞ்சில் தாங்கி, பல்லாண்டு முயன்று, பொதுமக்களிடம் நிதி திரட்டி அவர் உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. மதுரையை அடுத்த கொடிக்குளத்தில் ஆயி என்கிற பூரணம் அம்மாள், மறைந்த தம் மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார்; 2024 குடியரசு நாளில் தமிழக அரசு அவரைச் சிறப்பித்தது. இருவரின் கொடையும் ஒரு முகத்தின் நினைவில் பிறந்தது. சென்று சேர்ந்ததோ அவர்கள் என்றும் காணாத முகங்களை. குமணனின் நெஞ்சோடு தொடங்கிச் சாவடியாக முடிந்த கொடைகள் இவை.

சாவடி வழிக்கு இன்னொரு சான்று நம் அருகிலேயே இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் சென்னை மருத்துவமனை 2017 முதல் நூம்பலில் இயங்குகிறது. பணம் செலுத்த இயன்றவரின் கட்டணமே இயலாதவரின் சிகிச்சையையும் தாங்குவது அதன் அடிப்படை. கண்புரை நீக்கிக்கொள்ளும் மூதாட்டி எவருக்கும் தம் வறுமையைக் காட்டி அழ வேண்டியதில்லை. கட்டணம் செலுத்தியவரும் தாம் தானம் செய்ததாக எண்ணிக்கொள்வதில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறியாமலே அறம் நிறைவேறுகிறது.

அரசு செய்யவேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது. தகுதியுள்ளோர் முதலில் அதையே நாட வேண்டும். ஆனால் உடனிருப்பவர் இழக்கும் நாட்கூலி, பேருந்துக் கட்டணம், இரவு தங்கும் செலவு, மூன்று வேளை உணவு ஆகியவை பெரும்பாலும் காப்பீட்டில் அடங்குவதில்லை. சிகிச்சை இலவசமாகவே கிடைத்தும், வந்துபோக வழியின்றிப் பாதியில் நிறுத்துவோர் உண்டு. சிறு கொடைகள் சென்று சேர வேண்டிய இடம் இதுவே.

பணம் உரியவரைச் சேருமா என்னும் ஐயமும் நியாயமானதே. படத்தோடு வரும் தனிப்பட்ட கைப்பேசி எண்ணுக்கு அனுப்புவதை விட, நோயாளி சிகிச்சை பெறும் மருத்துவமனையை விசாரித்து, அதன் கணக்கிலோ ஏழை நோயாளர் பொது நிதியிலோ செலுத்தி இரசீது பெறுவது நன்று. வரிச்சலுகை கோர எண்ணுவோர், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு அச்சலுகை இல்லை என்பதையும் நினைவில் கொள்க. ஒரு முறை பெருந்தொகை தருவதை விட, மாதந்தோறும் நூறு ரூபாய் தருவது நீண்ட நோயாளிகளுக்கு உறுதியான துணையாகும்.

இறுதியாக, பெறுபவர்களுக்கு ஒரு சொல். உதவி கேட்பதில் இழிவில்லை. பெருந்தலைச் சாத்தனாரும் கேட்டவரே. அவர் பெருமை குறையவில்லை. தேவையை மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் தயங்காமல் கூறுங்கள். உதவிக்கு ஈடாக நோயாளியின் படத்தை எவரேனும் கேட்டால், மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பெற்றதைத் திருப்பித் தரவேண்டும் என்னும் கவலையும் வேண்டா. உடல் தேறிய பின் என்றேனும் ஒருநாள், முன்பின் அறியாத ஒருவருக்கு ஒரு வேளை உணவோ, ஒரு பேருந்துச் சீட்டோ, ஒரு புட்டி இரத்தமோ தர இயன்றால் தாருங்கள். நீங்கள் தங்கிய நிழல் அடுத்து வருபவருக்கும் இருக்கும்.