அப்பா, அம்மாவின் மெடிக்கல் கார்டு: நிறுத்துவதா, தொடர்வதா?

ஜாசின் பக்கத் தோட்டத்திலோ அலோர் காஜா தாமானிலோ இருக்கும் உங்கள் பெற்றோருக்கு 60 வயது தாண்டிவிட்டதா? அவர்களின் மெடிக்கல் கார்டுக்கு நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்களா? அப்படியென்றால், "இவ்ளோ ஏறிடுச்சே, நிறுத்திடலாமா?" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். அவசரப்படாதீங்க.

என்ன நடந்தது?

2024 இறுதியில், காப்புறுதி சந்தா 40 முதல் 70 விழுக்காடு வரை உயரலாம் என்ற செய்தி பலரையும் உலுக்கியது. டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வை ஒரேயடியாக ஏற்றாமல், 2026 இறுதி வரை குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரிக்க வேண்டும். அடிப்படைத் திட்டத்தில் உள்ள 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஓராண்டு உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால், இது தள்ளிவைப்புதான், தள்ளுபடி அல்ல.

அரசு மருத்துவமனை போதுமா?

தனியார் காப்புறுதியில் வயது ஏற ஏறச் செலவு கூடும். அரசு மருத்துவமனையில் கதையே வேறு. வெளிநோயாளி பதிவுக்கு 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. மூத்த குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணமே இல்லை. மூன்றாம் வகுப்பு வார்டில் பாதிக் கட்டணம், அதிகபட்சம் 250 வெள்ளி.

வேலை ஓய்ந்ததும் முதலாளி தந்த மருத்துவ வசதியும் நின்றுபோன தோட்டத்து முதியவர்கள் பலருக்கு இதுதான் ஒரே வழி. இங்கே பணத்துக்குப் பதில் நேரம் செலவாகும்: காத்திருப்பு, மலாக்கா மருத்துவமனைக்குப் போய்வர வண்டி, கூடப் போக ஓர் ஆள். சில உள்வைப்புக் கருவிகளுக்குத் தனியாகக் கட்டவும் நேரலாம். எஸ்டிஆர் உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர் என்றால், பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனையும், கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவியும் உண்டு.

அப்போ என்ன செய்யலாம்?

கார்டை நிறுத்துவது சுலபம். திரும்ப வாங்குவதுதான் கஷ்டம். 65 வயதில் புதிதாக விண்ணப்பித்தால், ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய், இருதய நோய்க்குப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

அதனால் முகவரிடம் முதலில் கேளுங்கள்: குறைந்த சந்தாவில் மாற்றுத் திட்டம் இருக்கா? செலவில் ஒரு பகுதியை நாமே ஏற்கும் கோ-பேமண்ட் திட்டத்துக்கு மாறினால் எவ்வளவு மிச்சம்? அந்தப் பகுதியை உங்களால் கட்ட முடியுமா?

முடியாது என்றால், மிச்சமாகும் சந்தாவைச் செலவழிக்காமல் பெற்றோரின் மருத்துவத்துக்கென்றே ஒதுக்கிவிட்டு, அரசு மருத்துவமனையில் இப்போதே பதிவு செய்து தொடர் சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள். நோய் முற்றிய பிறகு வரிசையில் நிற்க வேண்டாம்.