ஏசி நமக்கு, பின்சீட்டு டிரைவருக்கா?

மார்ச் பிறந்தால் போதும், சிங்கப்பூரில் இருக்கும் நம்ம மக்களுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். எனக்குச் சொந்த ஊர் உடுமலை என்பதால் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான். "மச்சி, பாலக்காட்டுல ரெண்டு நாள் கல்யாணம், அப்புறம் அப்படியே மூணாறு. ஃபேமிலியோட போறோம், வெயில் வேற. டவுனுக்குள்ள நல்ல ஓட்டலா ஒண்ணு சொல்லேன்."

கூடவே ஒரு பட்டியலும் வரும். ஏசி ஜில்லுனு இருக்கணும், பசங்களுக்கு நீச்சல் குளம் வேணும், காலை டிபன் ஃப்ரீயா இருக்கணும், அப்பா அம்மாவுக்கு லிஃப்ட் வேணும், இன்னோவா நிறுத்த இடம் வேணும். எல்லாம் நியாயம்தான். நான் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "அந்த இன்னோவாவை ஓட்டிட்டு வர்றவர் ராத்திரி எங்கே படுப்பார்?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் ஒரு பதில் வரும் பாருங்க: "வண்டியிலதான். அவங்களுக்கு அதெல்லாம் பழக்கம்டா."

இந்தப் 'பழக்கம்' என்கிற வார்த்தையைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் பிரித்து மேயலாம் என்று இருக்கிறேன்.

கேரளா என்றதும் பலருக்கு மழையும் தென்னையும்தான் ஞாபகம் வரும். பாலக்காடு அப்படியில்லை சாமி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நடுவே முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு திறந்த வாசல் அது. ஆடி மாசம் அது வழியாகத்தான் நம்ம கோவை, பொள்ளாச்சி பக்கம் குளிர்ந்த காற்று வரும். கோடை தொடங்கும்போது நம்ம பக்கத்து வறண்ட காற்று அதே வழியாக அங்கே போகும். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி அடித்தது. 2024 ஏப்ரல் கடைசியில் வானிலைத் துறை பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே கொடுத்தது. அடுத்த மாதமே கேரள மின்வாரியம் அந்த வட்டாரத்தில் இரவு 7 மணியிலிருந்து 1 மணி வரை மின்சாரத்தைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. ஜெனரேட்டர் ஏசியையும் தாங்குமா என்று நாம் போன் போட்டு விசாரிப்பது இதனால்தான்.

அதே ராத்திரி, அதே ஓட்டல் பார்க்கிங்கில், பகலெல்லாம் காய்ந்த இரும்புப் பெட்டிக்குள் ஒருவர் படுத்திருக்கிறார். கண்ணாடியை ஏற்றினால் அடுப்பு. இறக்கினால் கொசு. எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கினால் உயிருக்கே ஆபத்து. 2024 டிசம்பரில் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் செத்துக் கிடந்தார்கள். கேரவனின் ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். இதெல்லாம் யாருக்குமே பழகாதுங்க. வேற வழியில்லாமல் சகித்துக்கொள்வதற்கு நாம் வைத்திருக்கும் செல்லப் பெயர்தான் 'பழக்கம்'.

போன ஏப்ரலில் பாலக்காட்டில் ஒரு ஓட்டலில் (பேர் வேண்டாம்) ரிசப்ஷனில் இதைக் கேட்டேன். "டிரைவர்மார்க்கு இவிட சௌகர்யம் இல்ல சாரே" என்றார் அந்தப் பையன், சிரித்துக்கொண்டே. படுக்கை கிடக்கட்டும், குளிக்க? அதுவும் கிடையாது. நீச்சல் குளத்தில் மட்டும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு சாதாரண லாட்ஜில் எங்கள் டிரைவர் அண்ணனுக்கு ரூம் போட்டோம். ஃபேன்தான், ஆனால் கட்டில் இருந்தது, பாத்ரூம் இருந்தது.

"பேட்டா கொடுக்கிறோமே, அதுல ரூம் எடுத்துக்க வேண்டியதுதானே?" என்பார்கள். அந்தப் பேட்டாவில் மூணு வேளை சாப்பாடும் டீயும் போக மிச்சத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகணும். சீசன் நேரத்தில் டவுனுக்குள் ரூம் வாடகை என்ன என்று நமக்கே தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வி இது.

சரி, மனிதாபிமானம் எல்லாம் வேண்டாம், சுயநலமாகவே பேசுவோம். மறுநாள் காலை பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு. யானை குறுக்கே வரும் காட்டு ரோடு, அப்புறம் மலை ரோடு. திரும்பும்போது பூப்பாறை, போடிமெட்டு என்று இறங்கினால் கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரி முழுக்கக் கொசு அடித்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, பின்சீட்டில் குழந்தையை மடியில் போட்டு நாம் தூங்குகிறோம். ஓட்டலின் நட்சத்திரத்தை எண்ணியவர்கள் இதை எண்ண வேண்டாமா? பஸ், லாரி கம்பெனிகளுக்காக 1961-லேயே வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவில் தொடர்ச்சியாக 9 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்றது. சும்மா சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் 2023 ஜூனில் கட்டிட விதிகளையே திருத்தினார்கள். ஓட்டல், லாட்ஜ் கட்டினால் ஒரு கார் பார்க்கிங்குக்கு ஒரு கட்டில் என்ற கணக்கில் டிரைவர்களுக்குத் தங்குமிடம் வேண்டும். ஓட்டலுக்குள் இல்லாவிட்டால் 250 மீட்டருக்குள்ளாவது இருக்கணும். நல்ல விதி. ஆனால் விதி மட்டும் என்ன செய்யும்? நாம் யாருமே கேட்காதபோது எந்த ஓட்டல்காரர் தானாகக் கட்டில் வாங்கிப் போடுவார்? நீச்சல் குளம் கேட்டோம், வந்தது. வைஃபை கேட்டோம், வந்தது. கட்டிலைக் கேட்டோமா?

காசு கணக்கும் பார்த்துவிடலாம். 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. 5,000 ரூபாய் அறை என்றால் வரி 600-லிருந்து 250. ஒரு ராத்திரிக்கு 350 மிச்சம். ரெண்டு ரூம் போட்டால் 700. டிரைவர் கட்டிலுக்கு இது போதாதா?

ஆகவே மக்களே, இந்தக் கோடையில் புக் பண்ணும் முன் மூணே மூணு கேள்வி. டிரைவருக்குப் படுக்கை உண்டா? குளியலறை உண்டா? அங்கே ஃபேனாவது ஓடுமா? மூணாறிலும் கேளுங்கள். அங்கே வேர்க்காதுதான், ஆனால் விடியற்காலைக் குளிரில் காருக்குள் படுப்பதும் தூக்கம் இல்லை. 'இல்லை' என்று பதில் வந்தால், "அதனாலதான் உங்க ஓட்டல் வேண்டாம்" என்று காரணத்தைச் சொல்லிவிட்டு போனை வையுங்கள். சத்தமில்லாமல் வேறு ஓட்டலுக்குப் போனால் அவர்களுக்கு ஒன்றும் உறைக்காது.

டிஸ்கி: "நான் செல்ஃப் டிரைவ்" என்று தப்பிக்கப் பார்க்கும் நண்பர்களே, உங்களுக்கு ஏசி ரூம் எதுக்கு? பார்க்கிங்கிலேயே ஒரு ராத்திரி படுத்துப் பாருங்களேன். பழகிடும் :-)