பாப்பா லீவுக்கு யார் சம்பளம் தருவது?

குட்டீஸ், வீட்டில் தம்பிப் பாப்பா பிறந்தால் அம்மா சில மாதம் வேலைக்குப் போக முடியாது. அந்த நாட்களுக்கு யார் சம்பளம் தருவது?

இந்தியாவில் இந்த விடுப்பு 12 வாரமாக இருந்தது. 2017ல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆக்கினார்கள். நல்ல விஷயம்தான்! ஆனால், ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் சேராத தனியார் நிறுவன ஊழியருக்கு, முழுச் சம்பளத்தையும் முதலாளியே தர வேண்டும். 'பெண்களை வேலைக்கு எடுத்தால் செலவு' என்று சிலர் தயங்கலாம் இல்லையா?

சுவீடனில் வேறு வழி. அங்கே 1974லிருந்து அப்பாவும் விடுப்பு எடுக்கலாம். இப்போது ஒரு குழந்தைக்கு 480 நாள். அதில் 90 நாள் அப்பாவுக்கே உரியது. முழுச் சம்பளம் கிடைக்காது, பெரும்பகுதி கிடைக்கும். அதைத் தருவது அரசுக் காப்பீட்டு நிதி. ஊழியர் ஆணோ, பெண்ணோ, எல்லா முதலாளிகளும் அதில் பணம் கட்டுகிறார்கள். ஊரே சேர்ந்து போடும் உண்டியல் மாதிரி!

"குழந்தை இல்லாதவருக்காகவும் பணம் கட்டுகிறார்களே, நியாயமா?" என்று கேட்கலாம். இன்றைய பாப்பாதானே நாளைய டாக்டர், டிரைவர்? குழந்தை இல்லாதவருக்கும் அவர்கள்தான் உதவப் போகிறார்கள்.

செலவு பெரிதுதான். பலர் சுமந்தால் பாரம் குறையும். நம் நாட்டில் வயலிலும் கட்டட வேலையிலும் கூலிக்குப் போகும் அம்மாக்களுக்கு அந்த 26 வாரச் சம்பளம் பெரும்பாலும் எட்டுவதில்லை. உண்டியல் முதலில் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்!