போல்ட் இறங்கினால் போதுமா? எஸ்.யூ.வி-க்கு ரிம் மாற்றும் முன் கேட்க வேண்டிய ஆறு எண்கள்

சனிக்கிழமை மதியம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் ஆக்சசரீஸ் கடைகளின் வாசலில் நிற்க இடமில்லை. சுவர் முழுக்க அலாய் வீல்கள். கறுப்பு, குரோம், ரெண்டும் கலந்தது. ஈ.எம்.ஐ-யில் எஸ்.யூ.வி. வாங்கி ஒரு வருஷம் ஆன ஐ.டி. இளைஞர், ஒரு 18 இஞ்ச் செட்டைக் கை காட்டிக் கேட்கிறார்: "அண்ணா, இது நம்ம வண்டிக்கு செட் ஆகுமா?"

பதில் உடனே வருகிறது. "தாராளமா ஆகும் தம்பி. அஞ்சு போல்ட்டுதானே, அப்படியே உட்கார்ந்துடும்."

அந்தப் பதில் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. போல்ட் இறங்கலாம், வண்டியும் ஓடலாம். ஆனால் போல்ட் இறங்குவது ஒரு நிபந்தனை மட்டுமே. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், குடும்பத்தோடு, லக்கேஜோடு போகும் ஒரு வண்டிக்கு அந்த ரிம் பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்பவை ஆறு எண்கள். பல பில்களில் "அலாய் வீல் – 4 நம்பர்" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. மாற வேண்டியது இந்தப் பழக்கம்தான்.

முதல் எண்: பி.சி.டி.

ரிம்மில் உள்ள போல்ட் ஓட்டைகளின் மையங்களைத் தொட்டு ஒரு வட்டம் வரைந்தால், அதன் விட்டம்தான் பி.சி.டி. ஹூண்டாய் கிரெட்டாவுக்கு இது 5 × 114.3. அதாவது, 114.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து ஓட்டைகள். ஜீப் காம்பஸுக்கு 5 × 110. ஃபோக்ஸ்வேகன் டிகுவானுக்கு 5 × 112. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். 112-க்கும் 114.3-க்கும் வித்தியாசம் வெறும் 2.3 மி.மீ.

ஆபத்து அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான். நட்டைச் சாய்வாக இறுக்கி "உட்கார வைத்துவிட" முடியும். அப்படி உட்கார்ந்த ரிம்மில் எல்லா ஸ்டட்டும் சமமாகச் சுமை தாங்காது. ஒன்று வளையும், இன்னொன்று லூஸ் ஆகும். பி.சி.டி-யில் "கிட்டத்தட்ட" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது எண்: நடு ஓட்டை

பி.சி.டி. ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு, டொயோட்டா ஃபார்ச்சூனரும் ஃபோர்டு எண்டெவரும் நல்ல பாடம். ரெண்டுக்கும் 6 × 139.7. ஆனால் ரிம்மின் நடுவில், ஹப் நுழையும் ஓட்டை, அதாவது சென்டர் போர், ஃபார்ச்சூனருக்கு 106.1 மி.மீ., எண்டெவருக்கு 93.1 மி.மீ.

இதன் அர்த்தம் என்ன? எண்டெவரின் ரிம் ஃபார்ச்சூனரில் ஏறவே ஏறாது. ஃபார்ச்சூனரின் ரிம் எண்டெவரில் ஏறும். ஆனால் சுற்றிலும் 6.5 மி.மீ. இடைவெளி இருக்கும். ரிம்மைச் சரியாக மையத்தில் நிறுத்துவது ஹப்தான். அந்தப் பிடிப்பு போனால், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 80, 90-ல் ஸ்டீயரிங் நடுங்கும்.

மறைமலைநகர் ஆலையில் தயாரான எண்டெவரை வைத்திருப்பவர்களுக்கு இது நிஜப் பிரச்சினை. 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பள்ளத்தில் ரிம் வளைந்துவிட்டால், மார்க்கெட்டில் எளிதாகக் கிடைக்கும் வேறு வண்டியின் ரிம்மைத் தேடும் ஆசை வரத்தான் செய்யும். ஓட்டை பெரிதாக இருந்தால், சரியான அளவில் ஹப் ரிங் போட்டு இடைவெளியை அடைக்கலாம். அது ஏற்கத்தக்க வழிதான். ஆனால் ஓட்டை சின்னதாக இருக்கிறது என்று லேத்தில் கொடுத்துக் கடைவது தவறு. அந்த இடத்தின் உலோகத்தைக் குறைத்தால் ரிம்மின் பலம் எவ்வளவு குறைந்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

மூன்றாவது எண்: ஆஃப்செட்

கடைகளில் குறைவாகப் பேசப்படுவதும், அதிகம் தொல்லை தருவதும் இதுதான். ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். ரிம்மின் பின்பக்கம் "இ.டி." என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் இந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளும். கூடக் கூட உள்ளே போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வண்டியில் இருப்பது 6.5 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 48. புதிதாகப் போடுவது 7.5 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 35. உள்பக்கம் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை, 0.3 மி.மீ.தான். ஆனால் வெளிப்பக்கம் ரிம் 25.7 மி.மீ. தள்ளி நிற்கும். முழுசாக ஒரு இஞ்ச்!

கடை வாசலில் நிற்கும்போது அது கம்பீரமாகத்தான் இருக்கும். ஐந்து பேரும் லக்கேஜும் ஏறி, ஒரு ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது டயர் ஃபெண்டரில் உரசும். மழையில் சேறு கதவு முழுக்க அடிக்கும். வீல் பேரிங் மீது விழும் நெம்புவிசை கூடுவதால், அதன் ஆயுள் குறையும். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஸ்பேசர் போட்டு வீலை வெளியே தள்ளினாலும் இதே விளைவுகள்தான்.

நான்காவது எண்: டயரோடு சேர்த்து மொத்த உயரம்

ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குறைய வேண்டும். மொத்த விட்டம் பழைய அளவுக்கு மிக அருகில் நிற்க வேண்டும் என்பதே விதி. கிரெட்டாவின் 215/60 ஆர்17 டயரின் மொத்த விட்டம் 689.8 மி.மீ. அதற்குப் பதில் 235/50 ஆர்18 போட்டால் 692.2 மி.மீ. கிட்டத்தட்ட சமம். ஆனால் "கொஞ்சம் உயரமா இருக்கட்டும்" என்று 235/60 ஆர்18 போட்டால் 739.2 மி.மீ. இது ஏழு சதவீதத்துக்கும் மேல் அதிகம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107-ஐத் தொட்டிருக்கும். சக்கரத்தின் சுற்றை வைத்துக் கணக்குப் போடும் ஏ.பி.எஸ்., ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் போன்றவற்றுக்கும் இது நல்லதல்ல.

சரியான அளவே போட்டாலும் ஒரு விலை உண்டு. 215/60-ல் பக்கச்சுவர் 129 மி.மீ. 235/50-ல் 117.5. பள்ளத்தின் அடியை முதலில் வாங்கும் ரப்பர் 11.5 மி.மீ. குறைகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் மூடிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாத சாலைகளில், அந்த 11.5 மி.மீ.தான் ரிம்மைக் காப்பாற்றும் இன்ஷூரன்ஸ். பெரிய ரிம் பொதுவாக எடையும் கூடுதல். பிக்கப், மைலேஜ், சொகுசு மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அழகுக்காகத்தான் 18 என்றால் அது அவரவர் விருப்பம். ஆனால் "பெரிய ரிம் போட்டா வண்டி நல்லா ஓடும்" என்று யாராவது சொன்னால், நம்ம ஊர் ரோட்டுக்கு அது பொருந்தாது.

ஐந்தாவது எண்: எடை

மேலே சொன்ன எல்லாம் பொருந்தியும் தவறாகப் போக முடியும். டொயோட்டா கொரோலா ஆல்டிஸின் பிந்தைய மாடல், இன்னோவா கிரிஸ்டா ரெண்டுக்கும் பி.சி.டி. 5 × 114.3, நடு ஓட்டை 60.1 மி.மீ. செடானின் ரிம் கிரிஸ்டாவில் அழகாக ஏறி உட்காரும். ஆனால் எட்டு பேர் வரை ஏறும் வண்டியின் சுமையை நினைத்து அந்த ரிம் செய்யப்படவில்லை. எஸ்.யூ.வி-க்களிலும் இதே கதைதான்.

ரிம்மின் பின்பக்கம், அது தாங்கும் அதிகபட்ச எடை கிலோவில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். வண்டியில் அதிகச் சுமை தாங்கும் ஆக்சிலின் எடை வரம்பில் பாதியை விட அது குறையக் கூடாது. எண்ணே இல்லாத ரிம்மை வாங்கவே கூடாது. கூடவே தர முத்திரையையும் பார்க்க வேண்டும். கார் வீல்களுக்கு இந்தியாவில் ஐ.எஸ். 9436 என்ற தரநிலை இருக்கிறது. ஜப்பானின் ஜே.டபிள்யூ.எல். குறியும், அதோடு வெளி அமைப்பின் சோதனையைக் காட்டும் வி.ஐ.ஏ. குறியும் பல ரிம்களில் இருக்கும். பிரபல டிசைனின் காப்பி என்று பாதி விலையில் வரும் ரிம்மில் குறையக் கூடியது பெயின்ட்டின் தரம் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் உலோகத்தின் தரமும்தான். விரிசல் விட்டு வெல்டிங் செய்த செகண்ட் ஹேண்ட் அலாய் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஆறாவது எண்: நட்

நான்கு ரிம்முக்கு ஐம்பதாயிரம் வரை யோசிக்கிறவர்கூட நட்டைப் பற்றி யோசிப்பதில்லை. மாருதி பிரெஸ்ஸாவின் ஸ்டட் எம்12 × 1.25. கிரெட்டாவுடையது எம்12 × 1.5. தடிமன் ஒன்றுதான், மரை வேறு. மாற்றிப் போட்டு ஏர் கன்னால் அடித்தால் மரை தேய்ந்து போகும். நட்டின் அடிப்பாகமும் முக்கியம். வெளியில் விற்கும் அலாய்களில் பெரும்பாலும் கூம்பு வடிவ இருக்கை. ஹோண்டாவின் ஒரிஜினல் ரிம்களில் உருண்டை வடிவம். டொயோட்டாவின் சில அலாய்களில் தட்டையான வாஷர். இருக்கை மாறினால், இறுக்கியது போலத் தெரியும். உண்மையில் பிடிப்பு இருக்காது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. புது அலாய்க்கு வாங்கிய நட், டிக்கியில் கிடக்கும் ஸ்டீல் ஸ்டெப்னிக்குப் பொருந்தாமல் போகலாம். பழைய நட்களை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரி பதினோரு மணிக்கு பைபாஸில் பஞ்சர் ஆகும்போது அதன் அருமை தெரியும். நட்டை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, முதல் 100 கி.மீ. ஓட்டியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து வந்த வழக்கில், இந்தப் பிரிவைக் கண்டிப்புடன் வாசித்தது. எனவே, நிறுவனம் அதே மாடலின் ஏதாவது ஒரு வேரியன்ட்டுக்குக் கொடுக்கும் சைஸுக்குள் நின்றுகொள்வதே பாதுகாப்பு. 16 இஞ்ச் ஸ்டீல் ரிம்மோடு வந்த வண்டிக்கு, அதே மாடலின் டாப் வேரியன்ட்டில் வரும் 17 இஞ்ச் அலாய் என்றால், மேலே சொன்ன எண்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறுவனமே பதில் சொல்லிவிட்டது. எதை மாற்றினாலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். க்ளெய்ம் நேரத்தில் விளக்குவதைவிட முன்பே சொல்வது எளிது.

யார் பொறுப்பு?

"இருபது வருஷமா மாட்டுறோம், எங்களுக்குத் தெரியாதா?" என்று கடைக்காரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அனுபவமுள்ள ஃபிட்டருக்கு எந்த வண்டிக்கு எது உரசும் என்று கையிலேயே தெரியும். ஆனால் தெரிந்ததை எழுதித் தருவதில் அவருக்கு என்ன நஷ்டம்? பி.சி.டி., சென்டர் போர், அகலத்தோடு ஆஃப்செட், டயர் சைஸ், எடை வரம்பு, நட்டின் மரை. இந்த ஆறையும் பில்லில் எழுத ரெண்டு நிமிஷம் போதும். எழுதித் தரும் கடையில் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அங்கேயே வாங்கலாம். எழுத மறுக்கும் கடையில் தள்ளுபடிக்குக்கூட வாங்க வேண்டாம்.

கார் நிறுவனங்களும் தப்பிக்க முடியாது. பெரும்பாலான மேனுவல்களில் டயர் சைஸ் இருக்கும், காற்றழுத்தம் இருக்கும், ரிம்மின் அகலம் இருக்கும். ஆஃப்செட்டையும் சென்டர் போரையும் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஷோரூம் ரிம்மின் விலை தாங்காமல்தான் பலர் வெளிக்கடைக்குப் போகிறார்கள் என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். போகிறவர் சரியான ரிம் வாங்கவாவது, அந்த ரெண்டு எண்களை மேனுவலில் அச்சிடலாம். அது ஒரு வரிச் செலவு.

அதுவரை வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்றுதான். கடைக்குப் போகும் முன், பழைய ரிம்மைக் கழற்றும்போது அதன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ள வேண்டும். பி.சி.டி-யும் எடையும் எல்லா ரிம்மிலும் இருக்காது. அகலமும் ஆஃப்செட்டும் பெரும்பாலான அலாய்களில் அங்கேயே இருக்கும். அடுத்த முறை "செட் ஆகும் தம்பி" என்று பதில் வந்தால், அந்தப் போட்டோவைக் காட்டிக் கேட்கலாம்: "எந்த நம்பர் செட் ஆகுது அண்ணா? பில்லுல எழுதிக் குடுங்க."