உப்பு சப்பில்லாத சமையலா?

பிரிட்டிஷ்காரர்களின் சாப்பாடு என்றாலே உலகம் முழுக்க ஒரே கிண்டல்தான். அவித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டைக்கோஸ், மேலே கொஞ்சம் உப்பு... இதற்கு மேல் அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் ஏராளம். ஆனால் இந்தக் கிண்டல் நியாயமானதுதானா?

முதலில், 'பிரிட்டிஷ் சமையல்' என்று ஒரே ஒரு சமையல் கிடையாது. ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் அது மாறும். கார்ன்வாலில் தகரச் சுரங்கத்துக்குப் போனவர்கள் கையோடு எடுத்துப் போனது பாஸ்டி. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் போன்ற ஒரு கிழங்கு எல்லாவற்றையும் பச்சையாகவே மாவுக்குள் வைத்து, ஓரத்தை மடித்து மூடிச் சுட்டெடுப்பார்கள். தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். லங்காஷயரில் ஹாட்பாட். ஆட்டுக்கறி, வெங்காயத்தின் மேல் உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக அடுக்கி, குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேக விடுவது. பக்கத்தில் நின்று கிளற வேண்டியதில்லை என்பதால் பஞ்சாலைக்கு வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இது தோதானது. யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பு அல்ல. மாவு, முட்டை, பால் கரைசலை நன்றாகக் காய்ந்த மாட்டுக் கொழுப்பில் ஊற்றி, பொங்கி உப்ப வைப்பது. அதைக் கறிக்கு முன்பே பரிமாறுவார்கள். பாதி வயிறு நிரம்பிவிட்டால் விலை அதிகமான கறி கொஞ்சம் போதுமல்லவா!

இவ்வளவு கெட்டிக்காரத்தனமான சமையலுக்கு ஏன் இந்தக் கெட்ட பெயர்?

ஒரு காரணம், மக்கள் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போனது. இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் 1851-லேயே நகரவாசிகள். இன்னொரு காரணம், ரேஷன். இரண்டாம் உலகப் போரின்போது 1940 ஜனவரியில் தொடங்கிய உணவு ரேஷன், போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து 1954 ஜூலையில்தான் முற்றிலும் நீங்கியது. போர்க்காலத்தில் பெரியவர் ஒருவருக்கு வாரம் ஒரு முட்டை என்பதே வழக்கமான அளவு. மற்றபடி முட்டைப் பொடிதான். ரேஷன் எல்லோருக்கும் நியாயமாகச் சோறு போட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1940-ல் ஆறு வயதுச் சிறுமி, ரேஷன் முடியும்போது இருபது வயதுப் பெண். அம்மாவின் பக்கத்தில் நின்று கற்க வேண்டிய வயதில் வீட்டில் முட்டையும் இல்லை, வெண்ணெயும் இல்லை. அவள் எதைக் கற்றிருப்பாள், தன் மகளுக்கு எதைச் சொல்லிக் கொடுத்திருப்பாள்?

இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்தவர் பிளாரன்ஸ் ஒயிட். 1928-ல் இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சமையலுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். வீடுகளில் புழங்கிய சமையல் குறிப்புகளைப் பல ஊர்களிலிருந்தும் திரட்டி 1932-ல் புத்தகமாக்கினார். போருக்கு முன்பே அவர் அதைச் செய்திராவிட்டால் இன்னும் எத்தனையோ மறைந்து போயிருக்கும்.

இன்று பாதுகாப்பு வேறு வடிவத்தில் வருகிறது. கார்ன்வால் பாஸ்டிக்கு 2011-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் கார்ன்வாலிலேயே செய்திருக்க வேண்டும், ஓரத்தில்தான் மடிப்பு வர வேண்டும், கேரட் போடவே கூடாது. நல்லதுதான். ஆனால் அது காப்பாற்றுவது கடையில் விற்கும் பாஸ்டியின் பெயரை மட்டுமே. வீட்டில் ஒரு பாட்டி தன் கைப்பக்குவத்தில் செய்ததை எந்த முத்திரையும் காப்பாற்றாது.

அதைக் காப்பாற்ற இரண்டே வழிகள். ஒன்று, பாட்டி இருக்கும்போதே 'ஒரு கை மாவு' எத்தனை கிராம் என்று நிறுத்து எழுதி வைப்பது. இரண்டு, எழுதியதை அலமாரியில் பூட்டாமல் மாதம் ஒரு முறையாவது அடுப்பில் ஏற்றுவது. முதலாவதை மட்டும் செய்தால் மிஞ்சுவது புத்தகம்தான், சாப்பாடு அல்ல.

பிரிட்டிஷ் சமையலைக் கிண்டல் செய்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கட்டும். அங்கே குறைந்தது ருசி அல்ல, சொல்லிக் கொடுக்கும் கை. ஒரு தலைமுறை கற்காமல் விட்டால் எந்த நாட்டுச் சமையலுக்கும் இதே கதிதான்!