கார்ட்டூனில் ராஜு இருக்கிறான். லயத்து வீடு எங்கே?

ஷா ஆலாமில் உள்ள லெஸ் கொபாக் நிறுவனம் 2007 நோன்பு மாதத்தில் 'உபின் & இபின்' தொடரைத் தொடங்கியது. இன்று அதைப் பார்க்காத மலேசியப் பிள்ளை அரிது. ராஜுவும் அங்கிள் முத்துவும் அதில் வருகிறார்கள். 'போபோய்போய்' தொடரில் கோபால் இருக்கிறான். சைபர்ஜெயாவில் உருவான 'ஏஜென் அலி' திரைப்படம் 2019இல் சுமார் 30 மில்லியன் ரிங்கிட் வசூலித்தது. அதன் இரண்டாம் பாகம் 2025 மே மாதம் திரைக்கு வந்தது.

நம் முகங்கள் திரையில் வந்துவிட்டன. நம் வீடுகள் வந்தனவா? உபின், இபின் வளரும் பாட்டி வீட்டை, அந்தப் பலகை வீட்டை, எந்தப் பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடும். அதே அளவுக்கு மனத்தில் பதிந்த ஒரு லயத்து வீட்டையோ பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டையோ உள்நாட்டு அனிமேஷனிலிருந்து சொல்வது கடினம்.

இதை யாருடைய சதி என்றும் சொல்ல வேண்டியதில்லை. திரையில் ஓர் அறை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

ஒருமுறை கட்டி, பலமுறை வரைவது

கதாநாயகனின் அறை ஒரு தொடரில் திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை வாசலிலிருந்து, ஒருமுறை கட்டிலிலிருந்து, ஒருமுறை சன்னலுக்கு வெளியிலிருந்து. கையால் வரைபவர் ஒவ்வொரு கோணத்துக்கும் சுவர், மேசை, அலமாரியின் அளவை மறுபடி கணக்கிட வேண்டும். சற்றுத் தவறினால், முதல் காட்சியில் கதவோரம் நின்ற அலமாரி அடுத்த காட்சியில் நகர்ந்திருக்கும்.

இதைத் தவிர்க்க, ஓவியர்கள் பலர் முதலில் அறையைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாகக் கட்டிவிடுகிறார்கள். நுணுக்கம் தேவையில்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் வெறும் பெட்டிகள் போதும். அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். பிறகு கேமராவை வேண்டிய இடத்தில் வைத்து, கிடைக்கும் படத்தின் மேல் கையால் வரைகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையின் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்கினால், சாமி படம் எட்டாத உயரத்தில் தெரியும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நேர நெருக்கடியில் இருக்கும் ஓவியர் எல்லாவற்றையும் தாமே கட்டுவதில்லை. இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் மாதிரிகளை எடுத்துக்கொள்கிறார். அமெரிக்கப் படுக்கையறையும் ஜப்பானிய வகுப்பறையும் தேடியவுடன் கிடைக்கும். அஞ்சடியோடு கூடிய லயத்து வீடு அவ்வளவு எளிதில் கிடைக்காது. கையில் கிடைக்காதது திரைக்கும் வராது.

சொல்ல ஆள் இருக்கும்போதே

சுபாங் ஜெயா நிற்பது ஒருகாலத்துச் சீஃபீல்ட் தோட்டத்து மண்ணில். கிள்ளான் வட்டாரத்தில் கித்தாவும் செம்பனையும் நின்ற நிலங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் பிறந்தவர்களில் பலர் இன்று தாத்தா பாட்டிகள்.

அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது? பால் வாளியை எங்கே கவிழ்த்து வைத்தார்கள்? விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பும் அம்மா எந்த மூலையில் விளக்கேற்றினார்? பக்கத்து வீட்டுப் பேச்சு எந்தச் சுவர் வழியே கேட்டது? பழைய புகைப்படங்களில் இவற்றுக்குப் பதில் கிடைப்பது அரிது. அவை பெரும்பாலும் நல்ல உடுப்போடு வீட்டுக்கு வெளியே எடுக்கப்பட்டவை. வீட்டின் உட்புறம் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

ஓவியர் லாட், பேராக் கம்பத்தில் தாம் வளர்ந்த கதையை 1979இல் 'தி கம்போங் பாய்' நூலாக வரைந்தார். அது பல மொழிகளுக்குப் போனது. அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்தவர் வரைந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் வீட்டையும் நம்மில் ஒருவர்தான் முதலில் வரைய வேண்டும்.

செலவு தடையாக இல்லை

பிளெண்டர் மென்பொருள் இலவசம். 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருதை வென்ற 'ஃப்ளோ' என்ற லாட்வியப் படம் அதில்தான் உருவானது. பெட்டிகளால் ஓர் அறை கட்டச் சாதாரண மடிக்கணினி போதும்.

இதில் வேலை வாய்ப்பும் உண்டு. பின்னணி வடிவமைப்பு அனிமேஷனில் தனிப் பணி. முகம் வரையத் தடுமாறும் பிள்ளைகூட, இடத்தைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்தால் இத்துறையில் நிற்கலாம். எஸ்பிஎம் முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, ஜப்பானியப் படத்தைப் பார்த்து வரைந்த பத்து முகங்களைவிட, பாட்டி வீட்டை அளந்து கட்டி வரைந்த ஓர் அறை அந்தப் பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கணினி தரும் கோடுகள் நேரானவை. துருப்பிடித்த தகரம், புகையேறிய சமையற்கட்டுச் சுவர், நாள்காட்டி மாட்டிய வளைந்த ஆணி எல்லாம் கையால் வர வேண்டும். இல்லாவிட்டால் அறை, வீடு விற்பவரின் விளம்பரப் படம்போல் ஆகிவிடும்.

எம்டெக் போன்ற அரசாங்க அமைப்புகள் அனிமேஷன் படைப்புகளுக்கு மானியம் வழங்குகின்றன. பொதுப் பணம் பெறும் படைப்புகளில் தோட்டப்புற வீடும் இடம்பெற வேண்டும் என்று கேட்பது நியாயமே. கேட்கும்போது கையில் கொடுக்க ஒரு மாதிரி இருந்தால் அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும்.

தமிழ்ப்பள்ளிகளின் கணினி மன்றங்களும் ஆலய இளைஞர் குழுக்களும் இதைத் தொடங்கலாம். ஓர் அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம், பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஒரு பெரியவர் போதும். வீட்டார் அனுமதியோடு மட்டுமே மாதிரியை வெளியிட வேண்டும். வரும் பள்ளி விடுமுறையில் பாட்டியிடம் கதை கேட்கும்போது, அந்த வீட்டின் நீள அகலத்தையும் கேட்டுக் குறித்துவையுங்கள்.